உச்சிக்குழி

குறைமாதக் குழந்தை சில சமயம் மூச்சு விட மறந்துவிடும், பயப்படாமல் உள்ளங்காலில் விரலால் லேசாகச் சுண்டினால் ஞாபகம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு ஜெபராணி சிஸ்டர் அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டார். அதிலிருந்து செங்கோட்டுவேலு தன் மூச்சைக் கவனிக்கத் தொடங்கியிருந்தான். இழுப்பதும் விடுவதும் இத்தனை காலமாகத் தானாக நடந்ததா, இல்லை தான்தான் செய்துகொண்டிருந்தோமா என்று இப்போது சந்தேகமாக இருந்தது. கவனித்தால் தடுமாறுகிறது. கவனிக்காமல் விட்டால் மகளுடையது நின்றுவிடுமோ என்று இருக்கிறது. சட்டைப் பொத்தான்களையெல்லாம் கழற்றச் சொல்லி, சாய்வு நாற்காலியில் அவனை உட்காரவைத்து, மார்பின் மேல் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்து ஒரு மெத்துத் துணியால் கட்டியிருந்தார்கள். கங்காரு முறையாம். தாய்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தாய்க்குக் காய்ச்சல், மேல்மாடியில் பிரசவ வார்டில் கிடக்கிறாள், கீழே வரக்கூடாது. அப்பா நெஞ்சும் சூடுதானே, வாங்க என்று டாக்டர் பர்வீன் கூப்பிட்டபோது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மயிர் அடர்ந்த மார்பு. போர்வெல் வண்டியில் நின்று நின்று வெயிலில் கறுத்த தோல். அதன் மேல் இந்தச் சின்ன உடம்பு, ஒரு பழுத்த பப்பாளி கனம்கூட இல்லை, ஆனால் பப்பாளிக்கு இப்படிச் சூடு இருக்காது, இப்படித் துடிக்காது. குருவியைப் பிடித்தால் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடிக்குமே, அந்த மாதிரி. இல்லை, அந்த மாதிரியும் இல்லை. குருவி தப்பிக்கப் பார்க்கும். இவள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் தலையை ஸ்கேன் பண்ணினார்கள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் பப்பாளியையும் குருவியையும் நினைத்தான். டாக்டர் பர்வீன் ஒரு சின்னக் கருவியில் பசையைத் தடவி, குழந்தையின் உச்சந்தலையில், எலும்பு இன்னும் மூடாமல் மெத்தென்று இருக்கும் உச்சிக்குழியில் வைத்தார். அந்த ஒரு இடத்தின் வழியாகத்தான் உள்ளே பார்க்க முடியுமாம். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, மழைக்காலத்து வானம் போல. அவனும் பார்த்தான். தன் மகளின் மூளையை ஒரு தகப்பன் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது, உடனே அதில் எது கெட்டது எது நல்லது என்று தேடத் தொடங்கிவிட்டான். அவனுக்கு என்ன தெரியும். போன ஸ்கேனில் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிகிறது என்றார். வெள்ளை என்றால் நல்லதுதானே என்று அன்றைக்குக் கேட்டுவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த வெண்மை தானாக மறைந்துபோகலாம், மறையாமல் அந்த இடம் பொத்தலாகவும் ஆகலாம், அடுத்த ஸ்கேனில்தான் தெரியும் என்று பொறுமையாகச் சொன்னார். இன்றைக்கு அடுத்த ஸ்கேன். எடுத்து முடித்ததும் குழந்தையின் தலையில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டே, “பெரிய டாக்டரும் ஒரு தடவை பாக்கட்டும். ரவுண்ட்ஸ் வரும்போது சொல்றேன்” என்றார். நன்றாக இருந்தால் அப்போதே சொல்லியிருக்க மாட்டாரா. நன்றாக இல்லையென்றாலும் அப்போதே சொல்பவர்தானே அவர். எதையும் மறைக்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் அவருக்கே தெரியவில்லை. தெரியாதது நல்லதா கெட்டதா. நன்றாக இருந்தால் அப்போதே சொல்லியிருக்க மாட்டாரா. சுண்டெலி சக்கரத்தில் ஓடுவதைப் போல மனசு அதே இடத்துக்கு வந்து நின்றது.

வெள்ளை. அந்தச் சொல்லை நினைத்தாலே போதும், வடக்கே பிலாஸ்பூருக்கு அந்தப் பக்கம் போர்வெல் துளை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காடு வந்துவிடுகிறது. பாறையை உடைத்த தூள் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, புருவமெல்லாம் வெள்ளை, அப்போதுதான் மனைவி சுகுணாவின் போன் வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து வண்டியேறினால் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத்தான் வீடு. இந்தத் தடவை பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். நாள் இருக்கிறதே என்று இருவருமே நினைத்திருந்தார்கள். வண்டி இரைச்சலில் கேட்கவில்லை, தள்ளிப்போய் ஓர் இலுப்பை மரத்தடியில் நின்று காதில் வைத்தான். “ஏனுங்க, என்னைய ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. பனிக்குடம் கசிஞ்சுபோச்சாம். கிருமி உள்ள போயிருச்சாம். நீங்க வாங்க, ஆனா பதறிக்கிட்டு வராதீங்க” என்றாள். பதறாமல் எப்படி வருவது. ஆனால் அவள் பதறவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் லாரியிலும் ரயிலிலும் வந்தான். ரயில் விஜயவாடாவைத் தாண்டும்போது குழந்தை பிறந்துவிட்டதென்று செய்தி வந்தது. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு தெலுங்குக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அதன் பிறகு சேலம் வருகிறவரை தூங்கினானா விழித்திருந்தானா என்பதே நினைவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதுதான் இன்னமும் அவனுக்குத் தீராத ஆச்சரியம். தறிக்குடோனில் வேலை. எட்டாவது மாதத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஒருநாள் பாவாடை ஈரமாக இருந்தது. பக்கத்துத் தறியில் நிற்கிற அக்காவிடம் சொன்னாளாம். வயிறு பெருத்தால் மூத்திரம் கசியும், எனக்கும் அப்படித்தான் இருந்தது, இதுக்குப் போயி என்று அந்த அக்கா சொன்னாளாம். யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவன் இருந்திருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். சுகுணா வீட்டுக்குப் போய்த் துணியை மாற்றினாள், மாற்றிய துணியை முகர்ந்து பார்த்தாள். இது அந்த வாடை இல்லை என்று அவளுக்குப் பட்டது. கை வைத்துப் பார்த்தால் நெற்றி சூடு. வயிற்றை அமுக்கினால் வலி. அவ்வளவுதான். யாரையும் கேட்கவில்லை, ஒரு பையில் இரண்டு சேலையையும் கர்ப்பிணி அட்டையையும் போட்டுக்கொண்டு, 108க்குப் போன் பண்ணிவிட்டு, வாசல்படியில் இடதுபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாளாம். டாக்டர் பர்வீன் இதைச் சொல்லும்போது, “இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ரெண்டு பேரையும் பாத்திருக்க முடியாது” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவன் அந்த ஒரு நாளைத் தூக்கமில்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாள் வராமலே போனது. வராமல் செய்தவள் மேலே படுத்துக்கிடக்கிறாள், மருந்து ஏறிக்கொண்டிருக்கிற கையோடு.

மார்பில் ஏதோ மாறியது. என்னவென்று உடனே தெரியவில்லை. சூடு இருக்கிறது, கனம் இருக்கிறது, ஆனால் அந்தச் சின்ன ஏற்ற இறக்கம் எங்கே. பக்கத்தில் மூச்சைக் கண்காணிக்கிற திரையில் எண் இறங்கத் தொடங்கியது, மணி அடித்தது. அவன் கை துணிக்குள் போய்க் காலைத் தேடியது. தன் கட்டைவிரல் அளவுகூட இல்லாத பாதம், அதைப் போய் இந்தக் காய்ப்பேறிய விரலால் எப்படிச் சுண்டுவது. சுண்டினான். ஒன்றும் இல்லை. இன்னும் ஒருதரம். குழந்தை சுருக்கென்று காலை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டதைப் போல முகத்தைச் சுளித்து, ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இன்னொன்று. எண் ஏறியது. ஜெபராணி சிஸ்டர் பாதி வழியில் நின்று பார்த்துவிட்டு, “சரியாத்தான் பண்ணுதீங்க. காப்பி மருந்து குடுக்கோம்லா, போகப் போகச் சரியாயிரும்” என்றார். காப்பியில் இருக்கிற அதே சரக்கைத்தான் மருந்தாகச் சொட்டுகிறார்களாம், மூச்சு விட நினைவூட்ட. பிறந்து பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் காப்பி. சுகுணாவிடம் சொன்னால் சிரிப்பாள். சொல்ல வேண்டும். அவன் அந்தப் பாதத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. இருநூறு அடி ஆழத்தில் குழாய் சிக்கிக்கொண்டபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது. அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இழுப்பதும் விடுவதும். எப்பேர்ப்பட்ட வேலை. ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டு, மறந்து, மறுபடி கற்றுக்கொண்டு. அவனாக இருந்தால் எப்போதோ அலுத்துப்போய் விட்டிருப்பான்.

பிரசவத்துக்கு முன்னால் போட்ட ஊசியைப் பற்றி சுகுணா சொன்னது நினைவுக்கு வந்தது. குழந்தையை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவானதும் இரண்டு மருந்து போட்டார்களாம். ஒன்று குழந்தையின் நுரையீரலுக்கு. இன்னொன்று மூளைக்கு. “அது ஏறுறப்ப ஒடம்பெல்லாம் தீயாட்டம் எரிஞ்சுதுங்க. நாக்கு, காது, உள்ளங்கை, எல்லாம். நிறுத்தச் சொல்லட்டான்னு இருந்துச்சு. அப்பறம் அந்த நர்சம்மா சொல்லுச்சு, இது உங்களுக்கில்ல, பாப்பாவோட மூளையக் காப்பாத்தறதுக்குன்னு. சரி, ஏறட்டும்னு கண்ண மூடிக்கிட்டேன்.” சொல்லிவிட்டு, தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டாள். அவ்வளவு சாதாரணமாக. அவன் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே சிந்தியது. கலியாணமாகி ஐந்து வருஷம், அதில் கூட இருந்தது சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை வருஷம் இருக்குமா. இந்த மனுஷியை எனக்கு எவ்வளவு தெரியும் என்று அந்தக் கணம் தோன்றியது. கோழிக்குழம்பு எப்படி வைப்பாள் என்று தெரியும், கோபம் வந்தால் பாத்திரம் தேய்க்கப் போவாள் என்று தெரியும். தீ ஏறும்போது ஏறட்டும் என்று கண்ணை மூடிக்கொள்வாள் என்று தெரியாது.

அவன் வந்து சேர்ந்த மறுநாள் டாக்டர் பர்வீன் மேல்மாடிக்கே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். பனிக்குடத்துக்குள் கிருமி ஏறினால் அம்மாவின் உடம்பு அதோடு சண்டை போடும், அந்தச் சண்டையின் சூடு குழந்தையையும் தொடும். குறைமாதத்தில் மூளையின் நரம்புகளுக்கு மேல் உறை போடத் தொடங்குகிற நேரம் அது, ஒயருக்கு மேல் இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி. அந்த உறையைப் போடுகிற உயிரணுக்கள் ரொம்ப மென்மையானவை. சூடு அவற்றைத் தொட்டிருக்கலாம், தொடாமலும் இருக்கலாம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க வேண்டியதை யார் கேட்பது என்று பயமாக இருந்தது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்த சுகுணாதான் கேட்டாள். “தொட்டிருந்தா எதெது அவளால முடியாமப் போகும்னு சொல்லிப்போடுங்க டாக்டர். நான் பயந்துக்குவன்னு பாக்காதீங்க.” டாக்டர் மறைக்காமல் சொன்னார். கால் இறுகலாம், நடக்கத் தாமதமாகலாம், சிலருக்குப் பேச்சு, சிலருக்குப் படிப்பு, சிலருக்கு ஒரு குறையும் இல்லாமலும் போகலாம். “கால் இறுகுனா பயிற்சி குடுக்கலாங்களா?” “குடுக்கலாம். சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது.” “எந்த மாசத்துல ஆரம்பிக்கோணும்?” டாக்டர் சிரித்துவிட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “முதல்ல நீங்க எந்திரிச்சு நடங்க” என்றார். கிருமி எப்படி வந்தது, தன் தப்பா என்றும் அவள் கேட்டாள். உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, யாருக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னதும்தான் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள், சத்தமில்லாமல், முதுகு மட்டும் குலுங்க. அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு எந்நேரமும் பாலைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள். முதலில் மஞ்சளாக நாலு சொட்டு. அதை ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டு, தீபம் கொண்டுபோகிறவனைப் போலக் கையால் மறைத்தபடி, அவன் மாடிப்படி இறங்கி வருவான்.

அந்தப் படிக்குக் கீழேதான் கால் இறுகிய குழந்தைகளுக்கான பயிற்சி அறை. முதல் நாள் உள்ளே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாலு வயதிருக்கும் ஒரு சிறுமி, கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவெல்லாம் அந்தக் கால்கள் கண்ணுக்குள் நின்றன. இதுதானா, இதுதானா என்று மனசு அரற்றியது. மறுநாளும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாளும். ஒருநாள் நின்று பார்த்தான். அந்தச் சிறுமி கம்பியை விட்டுவிட்டு ஓர் எட்டு வைத்தாள், பொத்தென்று விழுந்தாள், விழுந்த இடத்திலிருந்து தன் அம்மாவைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். அம்மா, “எந்திரி, நடிக்காத” என்றாள். அந்த அம்மாவின் முகத்தில் அவன் எதிர்பார்த்த எதுவும் இல்லை. வேலைக்கு நேரமாகிறவளின் முகம், அவ்வளவுதான். அன்றிலிருந்து பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயம் இருந்த இடத்தில் அந்தச் சிரிப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றையொன்று விரட்டாமல் இருந்தன. பொத்தல். பொத்தல் இருந்தால்? இருந்தால் எந்த மாதத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று சுகுணா கேட்பாள். அவனுக்கு அதுவரைக்கும் யோசிக்கத் தெரிந்தது. அதற்கு மேல் மனசு போய் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி வெள்ளை, மறுபடி சாம்பல் வானம், மறுபடி அந்தக் கருவி அந்த மெத்தென்ற இடத்தில். குனிந்து குழந்தையின் துணித்தொப்பிக்கு மேலாகத் தாடையை வைத்தான். அழுத்தாமல் வைத்தான். துணிக்கு அடியில் அந்த உச்சிக்குழி துடிப்பது தெரிந்தது. அங்கே கதவு இன்னும் சாத்தவில்லை. உள்ளே இருக்கிறவள் என்ன செய்துகொண்டிருப்பாள். கனவு காண்பாளா. எதைக் கண்டு. அவள் பார்த்தது ஒரு கண்ணாடிப் பெட்டி, குழல் விளக்கு, மூக்குக்கண்ணாடி போட்ட சிஸ்டர்கள். அதற்கு முன்னால் இருட்டு, தண்ணீர்.

டாக்டர் பர்வீன் வந்தார். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியாதென்று நினைவு வந்து உட்கார்ந்தான். “கொஞ்சம் இருங்க. உங்க வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. கீழ வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்” என்றார். ரெண்டு பேருக்கும் சேர்த்தா. எதற்கு. ஒருத்தர் தாங்கமாட்டார் என்றா. டாக்டரின் முகத்தைப் படிக்கப் பார்த்தான். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும், தூக்கம் போதாத கண்கள். கதவு திறந்தது. சக்கர நாற்காலியைக் கதவருகிலேயே விட்டுவிட்டு, பச்சை அங்கியும் முகமூடியுமாக, தையல் வலிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக சுகுணா நடந்து வந்தாள். குழந்தையை அவள் ஆபரேஷன் அறையில் கண்மூடித் திறப்பதற்குள் பார்த்ததுதான். பிறகு அவன் போனில் எடுத்துக் காட்டிய படங்கள். வந்து நின்றாள். தொடவில்லை. கையைக் கழுவியது போதுமா என்று தன் கையையே பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் சொன்னார்: “பெரிய டாக்டரும் பாத்துட்டார். போன தடவை தெரிஞ்ச வெண்மை இப்ப நல்லாக் குறைஞ்சிருக்கு. பொத்தல் எதுவும் இல்ல. ரத்தக்கசிவும் இல்ல. ஆனா இதோட முடிஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். சில சமயம் லேட்டாத் தெரியும். அடுத்த மாசம் இன்னொரு ஸ்கேன். அப்புறம் அவ உக்கார்றது, நிக்கறது, நடக்கறது எல்லாத்தையும் நாம கூடவே இருந்து பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“சரிங்க டாக்டர்” என்றாள் சுகுணா. “அப்ப நான் இப்பத்திலிருந்து அவளுக்கு என்ன பண்ணோணும், அதச் சொல்லுங்க.”

அப்போதுதான் அது நடந்தது. அவன் மார்பின் மேல் அசைந்து நெளிந்து, கையை விரித்து மடக்கிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நின்றுவிட்டாள். மூச்சு நின்றுவிட்டதோ என்று அவன் கை காலுக்குப் போனது. இல்லை. மூச்சு போய்க்கொண்டிருந்தது, எண் இறங்கவில்லை, மணி அடிக்கவில்லை. உடம்பு மட்டும் அசையாமல், தலையிலிருந்து கால்வரை ஒரே கவனமாக இருந்தது. டாக்டர் பதில் சொன்னார். குழந்தை மறுபடி நெளிந்தாள். சுகுணா இன்னொன்று கேட்டாள். மறுபடி நின்றாள். கன்னத்தை அவன் தோலில் உரசிக்கொண்டு, அந்தக் குரல் வந்த பக்கமாக, மயிரிழை மயிரிழையாகத் தலை திரும்பியது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல் அது. அத்தனை தறிகளின் இரைச்சலுக்குள்ளும் இருட்டில் தண்ணீரில் கிடந்து இவள் கேட்டுக்கொண்டிருந்த குரல். டாக்டர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அவன் காதில் விழவில்லை.

“இக்கட்டால, கிட்ட வா” என்றான் மனைவியிடம். “பேச்ச நிறுத்தாத. நீ பேசறதக் கேக்கறா.”

சுகுணா அவனைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். டாக்டர் பர்வீன் குனிந்து பார்த்துவிட்டு, “இதை வச்சு நான் எதுவும் எழுதித்தர முடியாது, சரியா” என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. “தெரியுமுங்க” என்றான் அவன்.

“என்னன்னு பேசறது” என்றாள் சுகுணா.

“என்னமாச்சும் பேசு.”

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். முகமூடிக்குள் மூச்சு வாங்கியது. “மாடியிலிருந்து கீழ வர்றதுக்குள்ள உசுரு போயிருச்சு கண்ணு” என்று ஆரம்பித்தாள். “அந்த ஆயா வண்டியிலயே உக்காருன்னு ஒரே சண்ட. எம்புள்ள முன்னாடி நான் நடந்துதான் போவேன்னு சொல்லிப்போட்டேன்.” அவன் மார்பின் மேல் அவர்கள் மகள் மூச்சுவிட மறக்காமல், அசையாமல், முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.